முகத்தில் தொடங்கட்டும் திட்டம்

தேவாலய மேடை ஒளியமைப்பு நம் தொழிலில் தனிப் பிரிவாகவே வளர்ந்துவருகிறது. 2020இல் கொரோனா ஊரடங்கால் ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது திருப்பலியும் ஆராதனையும் நேரலைக்குப் போயின. கதவுகள் திறந்த பிறகும் பல ஆலயங்களில் கேமரா தங்கிவிட்டது. அதில் தெரிந்த இருட்டுதான் நம்மைத் தேடி ஆளனுப்புகிறது. ஆனால் அழைப்பே பெரும்பாலும் கருவிப் பட்டியலாக வருகிறது: மூவிங் ஹெட் எத்தனை, எல்.இ.டி. பார் எத்தனை, மொத்தம் எவ்வளவு ஆகும்? நாமும் அந்தப் பட்டியலுக்கே கொட்டேஷன் போட்டு அனுப்பிவிடுகிறோம். இந்த வரிசை மாற வேண்டும். ஆலயத்தின் ஒளித் திட்டம் பேசுகிறவரின் முகத்தில் தொடங்க வேண்டும். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் அந்த முகம் தெளிவாகத் தெரிய வழி செய்த பிறகே மற்ற விளக்குகளைப் பற்றிப் பேச வேண்டும்.

வழிபாட்டின் வரலாறே இதற்கு முதல் சான்று. பழைய கத்தோலிக்க ஆலயங்கள், குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தை நோக்கி நின்று திருப்பலி நிறைவேற்றிய காலத்தில் கட்டப்பட்டவை. பீடத்தின் மேல் ஒளி விழுந்தால் அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தையொட்டி 1964இல் வந்த வழிகாட்டுதல், மக்களைப் பார்த்து நின்று திருப்பலி நிறைவேற்றும் வகையில் பீடத்தைச் சுவரிலிருந்து விலக்கி அமைக்க இடம் தந்தது. குருவானவர் மக்கள் பக்கம் திரும்பிவிட்டார். பல ஆலயங்களில் விளக்குகள்தான் இன்னும் திரும்பவில்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளிலோ பிரசங்கம் ஆராதனையின் மையம். காது மந்தமான முதியவர்களில் பலர் பிரசங்கியாரின் உதட்டசைவைப் பார்த்துத்தான் விட்டுப்போன சொல்லைப் பிடிக்கிறார்கள். முகத்தில் ஒளி இல்லாவிட்டால் எத்தனை நல்ல மைக் இருந்தும் அவர்களுக்குப் பாதிப் பேச்சு போய்ச் சேராது.

முகத்துக்கு ஒளி தரும் முறை புதிதல்ல. யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளியமைப்பு கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்டில்ஸ் 1932இல் வெளியிட்ட நூலில் வகுத்துத் தந்த முறைதான் இன்றும் அடிப்படை: முன்னால் இருபுறமும், 45 பாகைச் சாய்வில், ஆள் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு விளக்கு. மூன்று படி உயர்ந்த மேடையில் நிற்பவரின் முகம் ஆலயத் தரையிலிருந்து சுமார் 7 அடி உயரத்தில் இருக்கும். விளக்கை 19 அடி உயரத்தில் மாட்டுவதானால், அது அவருக்கு 12 அடி முன்னால் வர வேண்டும். அவர் தலைக்கு நேர் மேலே மாட்டினால் கண்குழிகள் கறுத்துவிடும். பின்மாடிக் கைப்பிடியில் மாட்டினால் முகம் தட்டையாகும், வேதம் வாசிப்பவருக்குக் கண் கூசும். தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒரு பங்காகிவிடும் என்ற கணக்கும் இடிக்கும். ஆகவே பிரசங்க மேடை, வாசக மேடை, பீடம், பாடகர் குழு என்று ஆள் நிற்கும் இடங்களை முதலில் வரைபடத்தில் குறித்துவிட்டால், விளக்கின் எண்ணிக்கை தானாகவே கிடைத்துவிடும்.

நம் ஆலயங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாநிறமோ கறுப்போ ஆன முகம், அதற்குக் கீழே வெள்ளை அங்கி. அங்கி முகத்தைவிடப் பல மடங்கு ஒளியைத் திருப்பியனுப்பும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது அங்கிக்கு இணங்கி முகத்தை இருட்டாக்கிவிடும். மரபுப்படி பீடம் கிழக்கில் இருந்தால், காலை ஆராதனையில் பின்சன்னல் வெயிலும் சேர்ந்துகொள்ளும். எனவே ஒளியளவை இரவில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் லக்ஸ் மீட்டரோடு போய் அளக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. கேமரா ஷட்டரை 1/50இல் வைத்தால் படம் சீராக வரும். 1/60இல் பட்டை பட்டையாக ஓடும். மலிவான எல்.இ.டி.யில் டிம்மரை இறக்கும்போதும் இதே கோளாறு தலைகாட்டும். வாங்கும் முன் விளக்கைப் பத்து சதவீதத்துக்கு இறக்கி, அந்த ஆலயத்தின் கேமரா வழியாகவே பார்த்துவிடுவது நல்லது.

இளைஞர்கள் வண்ண ஒளி கேட்கிறார்களே, அதை மறுக்கலாமா என்று சிலர் கேட்கலாம். மறுக்க வேண்டியதில்லை; பின்சுவரிலும் தூண்களிலும் வண்ணம் அழகுதான். ஆனால் வழிபாட்டுக்கென்று சொந்த நிறங்கள் உள்ளன: தவக்காலத்துக்கு ஊதா, உயிர்ப்புக்கு வெள்ளை, பெந்தெகோஸ்தேவுக்குச் சிவப்பு. நீல ஒளியில் சிவப்பு உடை ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும். திருநாளின் பொருளையே நம் விளக்கு மாற்றிவிடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் கலந்து உண்டாக்கும் வெள்ளையும் முகத்துக்கு ஆகாது. தோலின் செம்பழுப்பு சாம்பல் பூத்துவிடும். முகத்துக்கு சி.ஆர்.ஐ. 90க்கு மேற்பட்ட வெள்ளை விளக்கே தகும்.

ஆலயம் நாடக மேடையல்ல, இத்தனை ஒளி பக்தியைக் கெடுக்கும் என்பது மூத்தவர்களின் அச்சம். அதை மதித்துக் கேட்க வேண்டும். கெடுப்பது கண்ணில் அடிக்கும் ஒளியும் ஓயாமல் ஆடும் ஒளியும்தான். சபையார் கண்ணுக்கு விளக்கே தெரியாமல் வாசகரின் முகம் மட்டும் தெரிந்தால் கவனம் வாசகத்தில்தான் நிற்கும். அடுத்த தடை பணம். உண்மையில் முகத்தில் தொடங்கும் திட்டம் விளக்கின் எண்ணிக்கையோடு செலவையும் குறைக்கும். அந்த விளக்குகள் எல்.இ.டி.யாக இருந்தால் மின்சுமையும் இறங்கும். 1000 வாட் பழைய பார் விளக்கு எட்டு எரிந்தால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 35 ஆம்பியர் இழுக்கும். 200 வாட் எல்.இ.டி. எட்டுக்கு 7 ஆம்பியர் போதும். பழைய கட்டடத்தின் வயரிங்கை முழுவதும் மாற்றும் செலவே பல இடங்களில் தவிர்ந்துவிடும். நூற்றாண்டு கண்ட வளைவுகளில் துளை போடாமல் தனிக் கம்பங்களில் மாட்டவும் குறைந்த விளக்குகளே வசதி. எதில் மாட்டினாலும், மக்கள் தலைக்கு மேல் தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம்.

ஆகவே பங்குப் பேரவையோ சேகரக் கமிட்டியோ அடுத்த முறை விலை கேட்டால், விலைக்கு முன் ஒரு வரைபடம் கொடுப்போம். யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், வெயில் எங்கிருந்து வருகிறது என்பது அதில் இருக்கட்டும். பணம் குறைவாக இருந்தால் முதல் தவணையில் பிரசங்க மேடைக்கும் பீடத்துக்கும் முகவிளக்குகளை மட்டும் போட்டு, வண்ணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளச் சொல்வோம். அதைச் சொல்லும் துணிவும் சேர்ந்ததே நம் தொழில்.