ரிஜெக்ட் ஆன வாரத்துல கோர்ஸ் வாங்காதீங்க

இன்டர்ன்ஷிப் இன்டர்வியூல ரிஜெக்ட் ஆயிட்டீங்களா? ரெண்டு நாள் சோகமா இருங்க, தப்பே இல்ல. ஆனா அந்த வாரம் எந்த கோர்ஸுக்கும் பணம் கட்டாதீங்க.

சிஏ ஆர்ட்டிகிள்ஷிப் கடைசி வருஷம், இண்டஸ்ட்ரியல் டிரெயினிங்குக்காக ஒரு பேங்க்ல எனக்கு இன்டர்வியூ. “லாபம் காட்டுற கம்பெனி சம்பளம் போட முடியாம ஏன் தவிக்குது?”ன்னு கேட்டாங்க. சரக்கு தேங்கியிருக்கலாம், கடனுக்கு வித்த பணம் வராம இருக்கலாம். படிச்சதுதான், வாயே திறக்கல. அன்னிக்கு ராத்திரியே 30,000 ரூபாய்க்கு ஃபைனான்ஷியல் மாடலிங் கோர்ஸ், ஈஎம்ஐல! மூணாவது வீடியோவைத் தாண்டல. ஈஎம்ஐ மட்டும் வருஷம் பூரா ஓடுச்சு.

நான் கோட்டை விட்டது கேஷ் ஃப்ளோவுல. அதைப் பழக லிஸ்டட் கம்பெனிகளோட ஆண்டறிக்கை இலவசமாவே கிடைக்குது. இன்டர்வியூ முடிஞ்சு வெளிய வந்ததும் கேட்ட கேள்விகளை மொபைல்ல எழுதிடுங்க. ராத்திரிக்குள்ள பாதி மறந்துடும். பத்து நாள் கழிச்சு அந்த லிஸ்ட்டைப் பார்த்தும் கோர்ஸ் தேவைன்னு தோணினா வாங்குங்க, ஈஎம்ஐ போடாம.