ஓடுவது இங்கே, வரி அங்கே!

"வரியைக் கூட்டினால் பணக்காரர்கள் மாநிலத்தை விட்டே போய்விடுவார்கள்." இதை எல்லாரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் இது நடக்கவும் செய்கிறது. 2020இல் எலான் மஸ்க் கலிபோர்னியாவை விட்டு டெக்சாஸுக்குப் போனார். அங்கே மாநில வருமான வரியே கிடையாது.

நம் நாட்டில் இந்தக் கதை எடுபடாது. வருமான வரி மத்திய அரசுடையது. சென்னையில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் ஒரே வரிதான். அப்படியானால் நம் முதலாளிகள் எங்கேயும் போகவில்லையா? போகிறார்கள்... ஆனால் ஆள் இங்கேயே இருக்க, பேப்பர் மட்டும் போகிறது :-)

வாகன வரி மாநில அரசு போடுவது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால்தான் நாகாலாந்து நம்பர் போட்ட ஆம்னி பஸ் இங்கே ஓடுகிறது. அந்த பஸ் நாகாலாந்தில் ஒரு கிலோமீட்டராவது ஓடியிருக்குமா? 2024 ஜூனில் போக்குவரத்துத் துறை கணக்குச் சொன்னது. மொத்தம் 1,535 ஆம்னி பஸ்கள், அதில் 652 வெளிமாநிலப் பதிவு. வருடத்துக்கு 28.16 கோடி ரூபாய் இழப்பு. தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாறியவை 105 மட்டும். மீதி 547ஐ ஓட்டக்கூடாது என்றதும் விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

கார்களிலும் இதே கதைதான். 2017இல் மலையாள நடிகர்கள் சிலரின் சொகுசுக் கார்கள் பாண்டிச்சேரி முகவரியில் பதிவானது பெரிய செய்தியானது.

இப்போது எங்கள் குருவிகுளத்துக்கு வாருங்கள். கரிசல் காட்டில் மானாவாரி விவசாயம் செய்கிறவர் பைக் வாங்குகிறார். 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு, ஒரு லட்சம் வரை விலையுள்ள பைக்குக்கு 10%, அதற்கு மேல் 12% சாலை வரி. அவர் நாகாலாந்துக்குப் போய் பதிவு செய்வாரா? டிராக்டருக்கு டீசல் போடும்போதே வாட் வரி போய்விடுகிறது. ஓட முடிந்தவன் ஓடுகிறான், ஓட முடியாதவன் கட்டுகிறான். ரோடு மட்டும் இருவருக்கும் ஒன்று!

பஸ் முதலாளிகள் பக்கமும் நியாயம் உண்டு. வரி அதிகம், அகில இந்திய சுற்றுலா பெர்மிட் சட்டப்படி எடுத்ததுதானே என்கிறார்கள். அதிக வரி ஏய்ப்பை வளர்க்கும் என்பதும் உண்மை. 1973-74இல் வருமான வரி உச்சபட்சம் 97.75% வரை போனது. வாஞ்சூ கமிட்டி எச்சரித்த பிறகு அடுத்த வருடமே 77% ஆக்கினார்கள். ஆனால் தினமும் ராத்திரி சென்னைக்கு டிக்கெட் போட்டு ஆள் ஏற்றுவதற்குப் பெயர் சுற்றுலாவா?

என்னைப் பொறுத்தவரை வழி இருக்கிறது. 2017இல் வந்த ஜி.எஸ்.டி.யில் பொருளை எந்த மாநிலத்தில் பயன்படுத்துகிறோமோ, மாநில வரி அந்த மாநிலத்துக்குப் போகிறது. பஸ்ஸுக்கும் அதையே செய்யலாமே? எந்த மாநில ரோட்டில் எத்தனை கிலோமீட்டர் ஓடியதோ அந்தக் கணக்கில் வரி. ஜி.பி.எஸ். இருக்கும் காலத்தில் இது ஒன்றும் கஷ்டமில்லை. அப்புறம் நம்பர் பிளேட் எந்த ஊராக இருந்தால் என்ன?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?