பண்டித ரமாபாய் கண்ட இரு பஞ்சங்கள்

பண்டித ரமாபாயைப் பாடத்திட்டத்தில் சேர்க்கும்போது நாம் பெரும்பாலும் 1887இல் வெளிவந்த ‘உயர்சாதி இந்துப் பெண்’ நூலோடு நின்றுவிடுகிறோம். இருபது ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய சாட்சி நூலைப் பக்தி எழுத்து என்று ஒதுக்கிவைக்கிறோம். பெண்ணியச் சிந்தனையாளர் ஒருவர் கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஆய்வுலகுக்கு ஏனோ சங்கடம்.

அந்தச் சிறு நூலில் இரண்டு பஞ்சங்கள் வருகின்றன. முதலாவது, 1870களில் சென்னை மாகாணத்தில். ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்ததற்காகச் சுற்றத்தாரின் எதிர்ப்பைச் சந்தித்தவர். ஊர் ஊராகச் சென்று புராணம் வாசித்துப் பிழைத்த குடும்பம் அது. பஞ்சம் வந்தபோது கையிருப்பையெல்லாம் தானத்திலும் வழிபாட்டிலும் செலவிட்டது. நகையும் பாத்திரமும் விற்றுத் தீர்ந்தபின் இலைகளைத் தின்றனர். சாதிப் பெருமையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று ரமாபாயின் அண்ணன் முடிவெடுத்தபோது காலம் கடந்திருந்தது. தந்தை, தாய், தமக்கை என ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அவர்களுக்கு இறைநம்பிக்கை குறைவு என்று எவரும் சொல்ல இயலாது. இல்லாமற்போனது கைத்தொழில்.

இரண்டாவது, 1896–97இல் மத்திய மாகாணத்தில். 1883இலேயே கிறித்தவராகியிருந்த ரமாபாய் அப்போது புனேயில் சாரதா சதனத்தை நடத்திவந்தார். பொருள் நெருக்கடி இருந்தது. தாம் பட்டினி கிடந்த நாள்களின் நினைவே அவரைப் பஞ்சப் பகுதிக்கு இட்டுச்சென்றது. விதவைகளும் சிறுமிகளுமாக ஏறத்தாழ முந்நூறு பேரை அழைத்துவந்தார். பிளேக் கட்டுப்பாடுகளால் அத்தனை பேரைப் புனேயில் வைத்திருக்க முடியவில்லை. கேட்காவில் வாங்கியிருந்த விளைநிலத்துக்கு அவர்களைக் கொண்டுசென்றார். கடவுள் தருவார் என்றுதான் அவரும் நம்பினார். ஆனால் அந்த நம்பிக்கையோடு கிணறும் வெட்டப்பட்டது. நெசவு, பயிர்த்தொழில், பால்பண்ணை, அச்சகம் என வேலைகள் பெருகின, அச்சுக்கோத்தவர்களும் பெண்களே. 1900ஆம் ஆண்டளவில் அங்கிருந்தோர் தொகை 1,500ஐத் தாண்டியது.

பொய்த் தெய்வம் கைவிட்டது, மெய்த் தெய்வம் காத்தது என்று இக்கதையை முடிப்பது எளிது. அதை நான் ஏற்கவில்லை. 1840களில் அயர்லாந்தில் பட்டினியால் மடிந்தோரும் செபித்தவர்களே. எல்லாம் வெளிநாட்டு நன்கொடை செய்த வேலை என்பதும் பாதி விடைதான். கட்டடம் எப்படி எழுந்தது என்பதை நன்கொடை விளக்கும். பணமுடையும் கொள்ளைநோயும் சூழ்ந்த வேளையில் ஒருவர் ஏன் முந்நூறு பேரின் பசியைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார் என்பதை விளக்காது. அவ்விடத்தில் ‘நம்பிக்கை’ என்னும் சொல்லைத் தவிர்த்துவிட்டு அவர் வாழ்வை எழுத முடியுமா என்பது ஐயமே.

மதமாற்றம் குறித்த கேள்வியை நான் மறக்கவில்லை. 1893இலேயே அதன் பொருட்டு ரானடேயும் பண்டார்கரும் சதனத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பசித்த சிறுமி தரும் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று கொள்வது கடினம். ஆயினும் அக்கேள்வியை எழுப்புவதற்கும் அந்நூலைப் படித்தாக வேண்டுமல்லவா?

அடுத்த பருவத்துக்கான வாசிப்புப் பட்டியலைத் தயாரிக்கும் நண்பர்கள் 1887 நூலுக்குப் பக்கத்தில் 1907 நூலையும் வைக்கலாம். இரண்டே வகுப்புகளில் முடித்துவிடக்கூடிய அளவுதான்.