கழிவுநீர்க் குழாயும் படத்தில் இருக்கட்டும்

ஒளிப்படக் கலை குறித்துத் தமிழில் வெளிவரும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே பாதையில் செல்கின்றன. மூன்றிலொரு பங்கு விதி, மாலைப் பொன்னொளி, பின்புலத்தை மங்கலாக்கும் வித்தை என்று வரிசையாகக் கற்றுத் தருகின்றன. கற்றவர் அடுத்த விடுமுறைக்கு ஊட்டிக்கோ ஹம்பிக்கோ கிளம்பிவிடுகிறார். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஏரியின் பக்கம் அவருடைய கேமரா திரும்புவதில்லை. திரும்பினாலும், கரையில் குவிந்த குப்பையையும் நீருக்குள் நீளும் கழிவுநீர்க் குழாயையும் கணினியில் அழித்துவிட்டுத்தான் படத்தைப் பிறருக்குக் காட்டுகிறார். அந்த அழிப்பைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

சென்னையின் மேற்குப் புறநகர் ஏரிகளின் நாடு. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, பூவிருந்தவல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம் என்று நீண்டுகொண்டே போகும். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. வயலும் வாய்க்காலுமாக இருந்த ஊர்கள் ஒரு தலைமுறைக்குள் நகரமாயின. இந்த மாற்றத்தை நம் வீட்டு ஆல்பங்களில் தேடிப் பாருங்கள். காதுகுத்து இருக்கும், கல்யாணம் இருக்கும், ஸ்டூடியோத் திரைச்சீலையில் வரைந்த செயற்கை ஏரிகூட இருக்கும். தெருக்கோடியில் இருந்த உண்மையான ஏரி இருக்காது.

ஒளிப்படத்தை ஆவணமாகக் கருதும் மரபு நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளப் பட்டையாக ஆக்கினார். ஒரு படத்தின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தோடு பொருந்த வேண்டும் என்ற பொறுமைதான் அங்கே கலை. அமெரிக்காவில் மார்க் கிளெட்டும் அவருடைய தோழர்களும் 1977 முதல் 1979 வரை, பத்தொன்பதாம் நூற்றாண்டு நில அளவைப் படங்கள் எடுக்கப்பட்ட அதே இடங்களைத் தேடிச் சென்று, அதே கோணத்தில் மீண்டும் படமெடுத்தனர். இரண்டு படங்களை அருகருகே வைத்தால் நடுவில் கழிந்த நூறாண்டு கண்முன் நிற்கிறது.

நமக்கு நூறாண்டு வேண்டியதில்லை. முழுக் கொள்ளளவில் 24 அடி ஆழம் நிற்கும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் தொடக்கத்தில் திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றில் வெள்ளமாய்ப் பாய்ந்தது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே ஏரி ஏறக்குறைய வறண்டு கிடந்தது. ஒரே மதகருகே நின்று எடுத்த இரண்டு படங்கள் இருந்தால் நீர் மேலாண்மை குறித்து நூறு பக்கக் கட்டுரை சொல்வதை அவை சொல்லிவிடும்.

ஆகவே, ஏரியைப் படமெடுக்க விரும்புவோர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகள்.

முதலாவது, கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். படக்கோப்புக்குள்ளேயே எடுத்த நாளும் நேரமும் பதிவாகின்றன. பேட்டரி தீர்ந்து மாற்றியபின் பழைய கேமராக்கள் பல, தொடக்கத் தேதிக்கே திரும்பிவிடும். தேதி தவறிய படம் ஆவணத்துக்கு உதவாது.

இரண்டாவது, ஓர் இடத்தைத் தேர்ந்து அதை விடாதீர்கள். மதகு, கலங்கல், மின்கோபுரம், கோயில் கோபுரம் என எளிதில் நகராத ஏதேனும் ஒன்று படத்தின் ஓரத்தில் இருக்கட்டும். அடுத்த முறை பழைய படத்தைக் கைப்பேசியில் திறந்துவைத்துக்கொண்டு, அந்த அடையாளம் அதே இடத்தில் விழும்வரை நகர்ந்து நில்லுங்கள். ஆண்டுக்கு இருமுறை போதும்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் ஒன்று, நீர் வற்றிய வைகாசியில் ஒன்று.

மூன்றாவது, லென்ஸின் குவியத் தொலைவை மாற்றாதீர்கள். அகலக்கோண லென்ஸில் குட்டை கடல்போல் விரியும்; டெலி லென்ஸில் தூரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு நீருக்குள்ளேயே நிற்பதுபோல் நெருங்கும். இரண்டில் எதையும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓராண்டு அதுவும் மறு ஆண்டு இதுவுமாக எடுத்து ஒப்பிட்டால் அது பொய்யாகிவிடும். கைப்பேசிக்காரர்கள் ஜூம் செய்யாமல் முதன்மைக் கேமராவிலேயே எடுப்பது நல்லது.

நான்காவது, ஒளி. காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கு நோக்கி எடுத்தால் கதிரவன் முதுகுக்குப் பின்னே இருப்பான். மாலையில் மேற்குக் கரை. சித்திரையிலும் ஆவணித் தொடக்கத்திலும் சென்னையில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வருவதால் அந்நேரம் கேமராவை உறையிலேயே விடலாம். நீர்ப்பரப்பின் கூச்சத்தைக் குறைக்கப் போலரைசர் வடிகட்டி உதவும். கொக்கு, நாரை போன்ற வெண்பறவைகள் வெளுத்துப் போகாதிருக்க எக்ஸ்போஷரை ஒரு படிக்குள் குறையுங்கள். கூழைக்கடா பறந்தால் ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஐந்தாவது, நிறம். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பகல் ஒளியில் நிறுத்துங்கள். நீர் பச்சையா, கறுப்பா, நுரை வெள்ளையா சாம்பலா என்பது இங்கே அழகு சார்ந்த கேள்வியன்று, அது சான்று. வானத்தை நீலமாக்கி ஆகாயத்தாமரையை மரகதமாக்கும் வடிப்பான்களை அணைத்துவிடுங்கள். இயலுமானால் ரா கோப்பாகவும் சேமியுங்கள்.

ஆறாவது, பாதுகாப்பு. வாட்ஸப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படம் சுருங்குவதோடு, உள்ளே இருந்த விவரங்களையும் இழக்கிறது. மூலக்கோப்பைத் தொடாமல் இரண்டு வெவ்வேறு இடங்களிலாவது வையுங்கள். ஏரியின் பெயர், கரை, நோக்கிய திசை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிச் சேருங்கள்.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கலாம். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகச் சென்ற விஷயம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக வைப்பதற்குச் சான்றிதழ் கேட்கிறது. கைபடாத மூலக்கோப்பு இருப்பவரின் சொல்லுக்கு அங்கே எடை அதிகம். குழாயை அழித்து அழகாக்கிய படம் வரவேற்பறைச் சுவரோடு நின்றுவிடும்.

குறை காட்ட மட்டுமே இப்படங்கள் என்று கொள்ள வேண்டாம். ஆவடி பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, 2019-இல் நடைபாதையுடன் பூங்காவாகத் திறக்கப்பட்டது. செய்த நன்மையை அளந்து பாராட்டவும் பழைய படம் வேண்டும்தானே?

எச்சரிக்கைகளும் உண்டு. ஆவடியில் பாதுகாப்புத் துறைக்குரிய இடங்கள் ஏராளம். அவற்றின் மதிலையோ வாயிலையோ நோக்கிக் கேமராவைத் திருப்பாதீர்கள். 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. ஏரியில் குளிப்போரையும் துவைப்போரையும் அவர்கள் இசைவின்றி எடுக்காதீர்கள். ஏரியின் துயரத்துக்கு அவர்கள் காட்சிப்பொருளல்லர்.

அழகிய படம் எடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. விடியலில் நீலத் தாழைக்கோழி கோரைப் புற்களிடையே நடந்துபோனால் யாருக்குத்தான் கைகள் சும்மா இருக்கும்? அதையும் எடுங்கள். எடுத்து முடித்தபின் ஓரடி பின்வாங்கி, குழாயும் குப்பையும் தெரிய இன்னொரு படமும் எடுங்கள். முதலாவது உங்களுக்கு, இரண்டாவது ஊருக்கு.