மொழி மாறினாலும் நிக்கணும்!

நல்ல படம்னா எது? குடிபாலாக்காரனான என்கிட்ட இதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. ஊர் ஆந்திரா, பக்கத்துலயே தமிழ்நாட்டு எல்லை. வீட்டுல தமிழ், வெளியில தெலுங்கு. அதனால சில படங்களை ரெண்டு மொழியிலயும் பார்த்தாச்சு.

1957-ல கே.வி.ரெட்டி எடுத்த 'மாயாபஜார்' அப்படித்தான். அபிமன்யுவா தெலுங்குல நாகேஸ்வர ராவ், தமிழ்ல ஜெமினி. கடோத்கஜன் ரெண்டுலயும் ரங்காராவ்தான். அவன் பெண்ணுருவத்துல புகுந்ததும் சாவித்திரி மிடுக்கா நடக்கறாங்களே, அதுக்கு எந்த மொழி வேணும்? மொழி மாறினாலும் நிக்கறதுதான் என்னைப் பொறுத்தவரை நல்ல படம்.

'தமிழ் புரியல'ன்னு பிள்ளைங்க எழுந்து போறாங்களா? விளக்கம் சொல்லாம இதைப் போட்டுவிடுங்க. முதல்ல சிரிக்கட்டும். தமிழ் மெதுவா வரும். என்ன சொல்றீங்க?