கல்யாணத்தில் கருப்பு ஆகாதா?

விலைவாசி, வரி, எடை முத்திரை என்று எழுதி வந்த நாம் இந்த முறை ஒரு கல்யாணத்தைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. கல்யாணம் என்றாலே மளிகைக்காரனுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. ஆகவே ஆசிரியர் மன்னிப்பார்.

நம்மிடம் முப்பது வருடமாகச் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர். அவருடைய இளைய பெண் இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். பையனும் நம் பக்கத்துப் பையன்தான், ஜாதகமும் பொருந்திவிட்டது. ஆனால் அந்தப் பெண் அனுப்பிய கடிதத்தைப் பார்த்துவிட்டு மனிதர் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. கருப்புப் பட்டுதான் கட்டுவாளாம். மண்டபத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சம் மட்டுமாம். பூ கருஞ்சிவப்பு ரோஜா, கேக்கும் கருப்பு. "நான் உயிரோடு இருக்கும்போதே எழவு வீடு ஜோடிக்கிறாள் அண்ணாச்சி, நான் போகப் போவதில்லை" என்று நம் கிட்டங்கியில் வந்து உட்கார்ந்துகொண்டு அழுதார்.

இது என்ன கூத்து என்று நாமும் முதலில் சிரித்தோம். பிறகு பேரனை விட்டு விசாரித்ததில் விவரம் தெரிந்தது. கோதிக் என்பது புதிய சொல் அல்ல. கூர்வளைவும் உயர்ந்த கோபுரமுமாகக் கட்டும் பாணிக்கு அந்தப் பெயர்; நம் சென்னை சாந்தோம் பேராலயமே அந்தப் பாணிதான். 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு பாட்டுக் கூட்டத்தார், கருப்பு உடுப்பும் பழைய கோட்டை, கல்லறைக் கதைகளில் பிரியமுமாக இருந்ததால் அவர்களுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. யார்க்‌ஷயர் கடற்கரையில் விட்பி என்று ஒரு சிற்றூர். குன்றின்மேல் இடிந்த மடாலயம், ஏறிப் போக 199 படிகள். 1897இல் வெளிவந்த டிராகுலா கதையில் அந்த ஊர் வருகிறது. 1994 முதல் இந்தக் கூட்டத்தார் அங்கே திருவிழாப் போலக் கூடுகிறார்கள். இந்தப் பெண்ணின் கல்யாணமும் அந்த ஊர்ப் பக்கம்தான்.

அந்த நாட்டில் முன்பெல்லாம் வழிபாட்டு இடத்தில் அல்லது பதிவு அலுவலகத்தில்தான் கல்யாணம். 1994இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகு அனுமதி பெற்ற ஓட்டல், கோட்டை எங்கேயும் பதிவாளரை வரவழைத்துச் செய்துகொள்ளலாம் என்றாயிற்று. அவரவர் மனம்போல ஜோடிக்க அங்கேதான் வழி பிறந்தது.

வியாபாரிகளுக்குச் சுவாரஸ்யமான ஒரு விஷயம் அந்த ஊரில் உண்டு. விட்பியில் ஜெட் என்று ஒரு கருப்புக் கல் கிடைக்கிறது. விக்டோரியா ராணி 1840இல் வெள்ளை உடுத்திக் கல்யாணம் செய்துகொண்டார். வெள்ளை உடுப்புக்கு மவுசு வந்தது அதன் பிறகுதான். அதே ராணி 1861இல் கணவரை இழந்து, 1901இல் தாம் இறக்கும்வரை கருப்பையே உடுத்தினார். ராணியைப் பார்த்து ஊரே துக்கத்துக்கு ஜெட் நகை அணிய, விட்பி வியாபாரிகள் கொழித்தார்கள். மோஸ்தர் போனதும் தொழில் படுத்தது. இன்று அதே கல்லைச் சந்தோஷத்துக்காக வாங்குவோரில் இந்தக் கருப்பு உடுப்புக்காரர்களும் உண்டு. சரக்கு அதேதான், வாங்குபவர் மனசுதான் வேறு.

நண்பரிடம் நாம் கேட்டோம். "நம்மில் துக்கத்துக்கு வெள்ளைதானே? கருப்பு துக்கத்துக்கு என்பது வெள்ளைக்காரன் வழக்கம். அவன் பிள்ளைகளே அதை மாற்றிக்கொண்டார்கள். உமக்கு என்ன?" மங்கல காரியத்துக்குக் கருப்பு ஆகாது என்றார். ஆகாதுதான், நம் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் முஸ்லிம் சகோதரர்கள் மணப்பெண்ணுக்குக் கட்டுவது கருகமணி. மராட்டியர் தாலியிலும் கருப்பு மணிதான். தை சங்கராந்திக்கு அங்கே புதுப்பெண் கருப்புப் புடவை கட்டுகிறாள். செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில் கவுனி அரிசி கருப்பாகத்தான் வருகிறது. எள் இல்லாத சீர் முறுக்கு எங்கே இருக்கிறது? திருஷ்டிக்கு மணப்பெண் கன்னத்தில் வைக்கும் பொட்டு என்ன நிறம்? கார்த்திகை பிறந்தால் இவரே கருப்பு வேட்டியோடு கல்லாவில் உட்காருகிறவர். ராகுகாலத்தில், கருஞ்சட்டைக்காரர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைக் கல்யாணங்களையும் இதே பஜார் பார்த்திருக்கிறது. அன்றைக்கும் சிரித்தார்கள். 1967இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டு அவை செல்லுபடியாயின.

இதற்காக எல்லாக் கூத்தையும் நாம் ஆதரிப்பதாக எண்ண வேண்டாம். செல்போனில் பார்த்ததை அப்படியே காப்பியடித்து, அலங்காரக்காரனுக்கு லட்சக்கணக்கில் அழுது, புகை மூட்டி, கிழவர்கள் படி தெரியாமல் தடுக்கி விழுகிற மாதிரி இருட்டு மண்டபம் வைப்பது தன் மனசைக் காட்டுவது ஆகாது. அது வாடகைச் சட்டை. இந்தப் பெண் பள்ளிக்கூட நாளிலிருந்தே கருப்பு விரும்பி. அழைப்பு நாற்பது பேருக்கு, செலவு இருவர் சம்பாத்தியத்திலிருந்து. அப்பாவிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதே நண்பரின் மூத்த பெண்ணுக்குச் சகல லட்சணத்தோடு மஞ்சளும் குங்குமமுமாக, ஆயிரத்தைந்நூறு இலை போட்டுக் கல்யாணம் நடந்தது. பந்திச் சாமான் முழுக்க நம்மிடம்தான் கடன். மனிதர் மளமளவென்று பட்டியல் சொன்னார், நாமும் வியாபார ஆசையில் தடுக்காமல் எழுதிக்கொண்டோம். அந்தப் பாக்கி நம் பேரேட்டில் நாலு வருடம் ஓடியது. நடுவில் சரக்கு எடுக்கப் பணமில்லாமல் அவர் கடை அலமாரி பாதி காலியாகக் கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அப்போது அமங்கலம் என்று யாரும் சொல்லவில்லை.

நம்மவர்க்கு ஒரு குறிப்பு. நம் ஊரிலும் கருப்பு கேக் கேட்டு ஆள் வரும். உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டுதான், அவற்றில் கருப்பு இல்லை. பேர் தெரியாத பொடியைப் பேக்கரிக்காரருக்கு விற்றுவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். கோகோ பவுடரைச் சற்றுத் தாராளமாகப் போடச் சொல்லுங்கள்.

நண்பரிடம் கடைசியாக இதைத்தான் சொன்னோம்: "நாற்பது வருடமாகக் கவுண்டரில் நிற்கிறீர். இன்ன சோப்பு ஏன் கேட்கிறாய் என்று எந்த வாடிக்கையாளரையாவது கேட்டதுண்டா? பெற்ற பெண் ஒரு நிறம் கேட்கிறாள்." பதில் பேசாமல் எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் போனும் இல்லை. நாம் எல்லை மீறிவிட்டோமோ என்று சங்கடமாகவே இருந்தது.

எட்டாம் நாள் வந்தார். விசா, டிக்கெட்டுக்கு ஏற்பாடு நடக்கிறதாம். வீட்டம்மா மஞ்சள் கயிறு மட்டும் கேட்டாராம். கருப்புப் பட்டின்மேல் மஞ்சள் எடுப்பாக இருக்கும் என்று பெண்ணும் சம்மதித்துவிட்டாளாம். கையில் ஒரு சிட்டை: கருப்பு எள் ஐந்து கிலோ, கருப்பட்டி மூன்று கிலோ. அவள் கேட்டபடி எள்ளுருண்டை பிடித்துக்கொண்டு போகிறார்கள். எள்ளை நாமே சலித்துப் பொட்டலம் கட்டினோம், கல்யாண வீட்டுக்கு நம் வரிசையாக இருக்கட்டும் என்றோம். கேட்கவில்லை. பணத்தை எண்ணிக் கல்லாப்பெட்டி மேல் வைத்து, ரொக்க ரசீது வாங்கிக்கொண்டுதான் போனார்.