அலமாரியில் ஒரு போர் விமானம்!

குட்டீஸ்... பழைய போர் விமானங்களின் குட்டி மாதிரிகளைப் பார்த்திருக்கிறீர்களா? துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சில் அழுத்தத்துடன் செலுத்தி வார்ப்பர். இதற்கு, 'டைகாஸ்ட்' என்று பெயர். பிளாஸ்டிக் பொம்மை போல இல்லாமல், கையில் எடுத்தால் கனமாக இருக்கும்.

பெட்டியில், 1:72 என்று போட்டிருந்தால், நிஜ விமானத்தை, 72ல் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கின்றனர் என்று அர்த்தம். பிரிட்டனின், 'ஸ்பிட்பயர்' விமானத்தின் இறக்கை அகலம், 11.23 மீட்டர். மாதிரியில் அது, 15.6 செ.மீ., தான்! நீங்களே வகுத்துப் பாருங்கள்.

'சண்டை விமானம் எல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு?' என்று சில பெரியவர்கள் கேட்பதுண்டு. வாங்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், அதன் முழுக்கதை தெரியாமல் அலமாரியில் வைக்காதீர்கள் என்பேன்.

ஸ்பிட்பயர், 1940ல் பிரிட்டனைத் தாக்க வந்த ஜெர்மன் விமானங்களைத் தடுத்து நின்றது. அதை வடிவமைத்த மிட்செல், அதற்கு முன்பே, 1937ல், 42 வயதில் இறந்து விட்டார்.

'எனோலா கே' என்று எழுதிய, பி - 29 மாதிரியும் உண்டு. அது, விமானி பால் டிபெட்சின் அம்மா பெயர்! 1945 ஆகஸ்ட் 6 காலை, ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசியது இந்த விமானம் தான். அந்த ஆண்டு முடிவதற்குள், சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் இறந்தனர். தீ பரவாமல் இருக்க வீடுகளை இடிக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த, ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம், 1995ல், இந்த விமானத்தோடு ஹிரோஷிமா மக்களின் துயரத்தையும் விரிவாகக் காட்டத் திட்டமிட்டது. 'போரை முடித்து வைத்த விமானம் இது. எங்களைக் குற்றவாளிகளாகக் காட்டுவதா?' என்று முன்னாள் வீரர்கள் எதிர்க்க, திட்டம் கைவிடப்பட்டது.

பெரிய அருங்காட்சியகத்தால் முடியாததை, உங்கள் அலமாரியில் நீங்கள் செய்யலாம். ஒவ்வொரு விமானத்தின் பக்கத்திலும் ஒரு சின்ன அட்டை வையுங்கள். அதில், யார் ஓட்டினர் என்று ஒரு வரி. கீழே யார் இருந்தனர் என்று ஒரு வரி. இரண்டாவது வரி இல்லாவிட்டால், அது வெறும் பளபளப்பான உலோகம் தான்.

என்ன குட்டீஸ், எழுதி வைப்பீர்கள் தானே?